‘தே’ போன கரண்டி

“எனக்கு ஒரு தராசு வேணும் சார்.”

திங்கட்கிழமைக் கூட்டத்தில் நான் இதைச் சொன்னதும், அதுவரை யாருக்கும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்த ஏசியின் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மேலாளர் பேனாவை மூடினார். அவர் பேனாவை மூடினால் யாருக்கோ கெட்ட நேரம் என்று அர்த்தம். பக்கத்திலிருந்த பொறு அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். மிதித்து என்ன பயன், வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டது.

எதற்கெடுத்தாலும் “பொறு” என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். நான் வேலையில் சேர்ந்த அன்றே எச்சரித்திருந்தாள்.

“இங்க லீவு கேளு, குடுப்பாங்க. ஜன்னல் பக்கம் சீட்டு கேளு, யோசிப்பாங்க. மேலாளரோட நாற்காலியையே கேளு, சிரிச்சுட்டு விட்டுடுவாங்க. தராசு மட்டும் கேட்டுடாதே. கேட்டவங்க யாரும் இப்ப இங்க இல்ல.”

“எங்க போனாங்க?”

“இங்க இல்ல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

நாங்கள் வேலை செய்வது ‘அளவோடு’ என்ற கைப்பேசிச் செயலிக்காக. என்ன சாப்பிட்டோம், எவ்வளவு சாப்பிட்டோம் என்று அதில் தட்டினால் எத்தனை கலோரி என்று சொல்லும். இன்னும் எவ்வளவு சாப்பிடலாம், எப்போது எழுந்து கை கழுவ வேண்டும் என்றும் சொல்லும். அதன் பேச்சைக் கேட்டுத்தான் லட்சக்கணக்கானவர்கள் வாயைத் திறக்கிறார்கள், மூடுகிறார்கள். அதில் இருக்கும் அளவுகள் சரிதானா என்று பார்ப்பது எங்கள் சரிபார்ப்புப் பிரிவு. மூன்றாவது மாடி முழுக்க நாங்கள்தான். அந்தக் கட்டடத்தில் ஒரு பொருளை எடை பார்க்க எந்தக் கருவியும் கிடையாது. தபால் பிரிவில் முன்பு ஒன்று இருந்ததாம். பார்ப்பவர்களுக்குத் தவறான எண்ணம் வரும் என்று அப்புறப்படுத்திவிட்டார்கள்.

எடை போடாமல் எப்படிச் சரிபார்ப்பது என்று நானும் முதலில் குழம்பினேன். மிகவும் எளிது. பயனர் யாராவது ஓர் உணவையும் அதற்கு ஓர் எண்ணையும் செயலியில் சேர்ப்பார். அது எங்கள் திரையில் வரும். அதை உற்றுப் பார்த்து, மனத்துக்குள் ‘இருக்கும்’ என்று தோன்றினால் பொத்தானை அழுத்த வேண்டும். ஐந்து பேருக்கு ‘இருக்கும்’ என்று தோன்றிவிட்டால் பச்சை டிக் விழுந்துவிடும். பிறகு அது அறிவியல்.

இப்படித்தான், ‘அவித்த முட்டை’ என்று தேடினால் ஒரு கோழி தன் ஆயுள் முழுக்க இடுவதைவிட அதிகமான முட்டைகள் வரும். சின்ன முட்டை, பெரிய முட்டை, ‘தம்பி தின்றது போக மீதி முட்டை’, ‘முட்டை (கோபத்தில் தின்றது)’. எல்லாவற்றுக்கும் வேறு வேறு கலோரி, எல்லாவற்றுக்கும் பச்சை டிக். அதில் ஒன்று ‘அவித்த முட்டை, மிகப் பெரியது’. தட்டைப் படம் எடுத்தாலே உணவு எதுவென்று செயலி கண்டுபிடிக்கும் வசதியை வெள்ளோட்டம் பார்த்த அன்று, எங்கள் இயக்குநர் தட்டில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தார், அந்த நேரம் பார்த்துப் படம் விழுந்தது. அவர் தலையில் முடி கிடையாது. அவர் முன்னிலையிலேயே ஐந்து பேர் டிக் போட்டார்கள். நீக்கினால் அவரை நீக்கியதுபோல ஆகிவிடும் என்று இன்றுவரை யாரும் கை வைக்கவில்லை. வாரத்துக்கு நாலைந்து பேராவது அதைச் சாப்பிட்டதாகப் பதிகிறார்கள்.

மதியம் உணவுக்கூடத்தில் எல்லோரும் கைப்பேசியுடன் நின்று, “உண்பதைப் பதிவேன், பதிந்ததையே உண்பேன்” என்று உறுதிமொழி எடுப்போம். பிறகு உட்கார்ந்து பதிவோம். ரொட்டிக்குள் தடவிய வெண்ணெய் எவ்வளவு, சூப்பில் மிதக்கும் எண்ணெய் எவ்வளவு என்று விவாதித்து முடிப்பதற்குள் ரொட்டி அட்டையாகிவிடும், சூப் ஆறிவிடும். ஆறிப்போனதற்குத் தனி எண் இருக்கிறது. மறுபடி பதிவோம்.

நான் படித்தது உணவு அறிவியல். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அம்மா ஒரு தையல் கூடத்தில் சட்டைக் காலர் தைப்பவள். நான் பட்டம் வாங்கிய அன்று அந்தத் தையல் கூடம் முழுக்க என் மார்க்கைச் சொல்லி, பக்கத்து மெஷின்காரி காதைப் பொத்திக்கொண்டாளாம். எனக்கு இந்த வேலை கிடைத்ததும், பஸ்ஸில் போகும்போதெல்லாம் எங்கள் கட்டடத்தைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காட்டுவாள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் நடத்துநருக்கு.

ஒரு வருடம் தற்காலிகம், பிறகு நிரந்தரம். நிரந்தரம் ஆக வேண்டுமென்றால் குடும்பத்தில் ஒருவரையாவது பயனராகச் சேர்த்து, அவர் கணக்கைப் பச்சையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். எனவே அம்மாவைச் சேர்த்தேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. “சோத்தைக் குறைங்க” என்று டாக்டர் சொல்லி, வேளைக்கு இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொண்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே செயலியைத் திறந்தாள். ‘சோறு’ என்று தேடினாள். ‘கரண்டி’ என்பதைத் தொட்டாள். இரண்டு என்று தட்டினாள். திரை சிவப்பாகியது. கூடவே ஒரு செய்தி.

‘நீங்கள் உண்டது ஒரு சிட்டுக்குருவிக்கும் போதாது. தயவுசெய்து சாப்பிடுங்கள்.’

“என்னடி இது, வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சொல்ற மாதிரி உபசாரம் பண்ணுது” என்று அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். அன்று நானும் கூடச் சிரித்தேன். சில நாட்களில் இரண்டு நான்காகியது, நான்கு ஆறாகியது. திரை சிவப்பாகவே இருந்தது. அதன்பிறகுதான் எனக்கு உறைத்தது, உள்ளே போய் அளவுப் பட்டியலைப் பார்த்தேன்.

ஒரு கரண்டி சோறு, ஐந்து கிராம். பச்சை டிக்.

மறுநாள் பொறு அக்காவிடம் கேட்டேன். அவள் பழைய ஆள், எல்லாம் தெரியும்.

“அது முதல்ல தேக்கரண்டின்னுதான் இருந்துச்சு. டீயில சர்க்கரை கலக்குற குட்டிக் கரண்டி. திரையில அந்தக் கட்டத்துக்குள்ள சொல்லு அடங்கல. வடிவமைப்புக்காரங்க கொஞ்சம் வெட்டிக்கட்டுமான்னு கேட்டாங்க. வாலை வெட்டினா அர்த்தம் புரியாது, தலையை வெட்டுங்கன்னு மேலாளர் சொல்லிட்டார்.”

“தலையை வெட்டினா?”

“கரண்டி.”

“அக்கா, கரண்டின்னா சோறு அள்ளிப் போடுற கரண்டி.”

“எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுலயும் சோறுதான் பொங்குறோம்.”

“அப்ப ஏன் நீங்க டிக் போட்டீங்க?”

அக்கா சுற்றும் முற்றும் பார்த்தாள். “எனக்கு முன்னாடி நாலு பேர் போட்டிருந்தாங்க.”

ஒரு ‘தே’ உதிர்ந்துபோனதில், கரண்டியால் சோறு போட்டுக்கொள்ளும் அத்தனை வீடுகளும் எங்கள் கணக்கில் பட்டினி கிடந்தன. அதைவிடக் கொடுமை, இந்தப் பட்டினியை வைத்து எங்கள் நிறுவனம் ஒரு விருது வாங்கியிருந்தது. ‘பயனர்களின் உணவைப் பாதிக்குக் கீழே குறைத்த ஒரே செயலி’ என்று வரவேற்பறையில் கேடயம் இருக்கிறது.

மேலாளரிடம் போனேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“சரிம்மா. திருத்தம் போட்டுடலாம். எடைச் சான்று கொண்டு வா.”

அன்று மாலை வீட்டிலிருந்து ஒரு கரண்டி சோற்றைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கிண்ணத்தைத் திறந்து பார்த்தார்.

“வேகாத அரிசிதான் இங்க வியாபாரம். வெந்ததை வாங்குறதில்ல.”

“விக்க வரல அண்ணே. எடை மட்டும் பாக்கணும். ஆபீஸ் வேலை.”

“என்ன படிச்சிருக்கே நீ?”

“உணவு அறிவியல்.”

“ம்” என்றார். “உங்க அம்மா பாவம்.”

கிண்ணத்தின் எடை போக நூற்று நாற்பது கிராம். அவர் கையாலேயே துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, மறுநாள் மேலாளர் மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடாமல், குனிந்து படித்தார்.

“இது மளிகைக் கடைத் தராசும்மா. இதுல லாப நோக்கம் இருக்கு. நம்ம நிறுவனத் தராசுல எடுத்ததா இருந்தாத்தான் சான்று.”

“நம்மகிட்ட தராசே இல்லையே சார்.”

“அதனாலதான் இத்தனை வருஷத்துல ஒரு திருத்தம்கூடத் தேவைப்படல” என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

நிறுவனம் போகட்டும், அம்மாவையாவது திருத்தலாம் என்று பார்த்தேன். இரண்டு கரண்டிக்குப் பதிலாக ஐம்பத்தாறு கரண்டி என்று அவள் கைப்பேசியில் தட்டினேன். ‘ஒரு வேளைக்கு ஐம்பத்தாறு கரண்டி மனிதர்களால் இயலாது. உண்மையைப் பதியுங்கள்’ என்றது. உண்மையைப் பதிந்தால் சிட்டுக்குருவி என்றது.

“அம்மா, அதை விடு. அவங்க கரண்டி வேற, நம்ம கரண்டி வேற.”

“கரண்டியில என்னடி அவங்க கரண்டி, நம்ம கரண்டி? கரண்டின்னா கரண்டிதான்.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

“அப்ப என்னதான் சொல்ல வரே? இத்தனை பெரிய கட்டடத்துல உக்காந்து இத்தனை பேர் பாத்துப் போட்டிருக்காங்க. பச்சையா டிக் வேற இருக்கு.”

“அந்த டிக் போடுறவளே நான்தாம்மா.”

“அதைத்தானே சொல்றேன். நீ போட்டா சரியாத்தான் இருக்கும்.”

படித்த மகள் தப்பு என்கிறாள், படித்த மகளின் ஆபீஸ் சரி என்கிறது. அம்மா ஆபீஸ் பக்கம் நின்றாள்.

இதற்குள் அம்மாவின் சிவப்பு என் மேலாளரின் திரை வரைக்கும் போயிருந்தது. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா? பெத்த தாயை இப்படிப் பட்டினி போடலாமா?”

“சார், எங்க அம்மா தினமும் ஒரு பானைச் சோறு சாப்பிடுறாங்க.”

“கணக்குல இல்லையே.”

“வயித்துல இருக்கு சார்.”

“வயிறு நம்ம பிரிவுல வராதும்மா” என்றார்.

அந்த வாரமே பட்டினித் தடுப்பு அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்படி ஒரு பதவி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கழுத்தில் அட்டை, கையில் பழக்கூடை, நல்ல மனசுக்கார அம்மாள். கதவைத் திறந்த என் அம்மாவைப் பார்த்துவிட்டு, “உள்ள யாராவது முடியாம படுத்திருக்காங்களா?” என்று கேட்டார். தான்தான் அந்தப் பட்டினிக்காரி என்று அம்மா சொன்னதும், அந்த அம்மாள் ஒருமுறை கைப்பேசியைப் பார்த்தார், ஒருமுறை அம்மாவைப் பார்த்தார். அம்மா கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள், இந்த ஆறு கரண்டிக்குப் பிறகு கொஞ்சம் கூடவே. கடைசியில் அதிகாரி கைப்பேசியை நம்புவது என்று முடிவுக்கு வந்தார்.

“பாத்தாத் தெரியல. ஆனா உள்ளுக்குள்ள மெலிஞ்சுட்டே இருக்கீங்க.”

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“பயப்படாதீங்க. இன்னும் நல்லா சாப்பிடுங்க. உங்களுக்காக இல்லேன்னாலும் பொண்ணுக்காக. சிவப்பு மாறலேன்னா இவளை நிரந்தரம் பண்ண மாட்டாங்க.”

நான் குறுக்கே பேசப் போனேன். அம்மா கையைக் காட்டி என்னை அடக்கினாள். அந்த அம்மாள் போன பிறகு பானையைக் கழுவி அடுப்பில் ஏற்றினாள்.

“என்னம்மா பண்றே?”

“நான் சோறு திங்கறதுலதான் உன் வேலை நிக்குதுன்னா தின்னுட்டுப் போறேன். என்ன பெரிய கஷ்டம் அது? காலர் தைக்கிறதைவிடச் சுலபம்.”

“சர்க்கரை ஏறும்மா.”

“ஏறினா இறங்கும். வேலை போனா வருமா?”

நான் கத்தினேன். கரண்டியை ஒளித்து வைத்தேன். கிண்ணத்தால் அள்ளிப் போட்டுக்கொண்டு, கரண்டி என்று பதிந்தாள். தையல் கூடத்துக்கும் எனக்குத் தெரியாமல் இரண்டாவது டப்பா கொண்டுபோயிருக்கிறாள். ஒரு வியாழக்கிழமை, பாதி தைத்த காலரின் மேல் அப்படியே கவிழ்ந்துவிட்டாள். பக்கத்து மெஷின்காரிதான் எனக்குப் போன் செய்தாள்.

மருத்துவமனைக் கட்டிலில் அம்மா கையில் ஊசியுடன் படுத்திருந்தாள். சர்க்கரை எண்ணைப் பார்த்து டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். எண் மாறவில்லை.

“யாரும்மா உங்களை இவ்வளவு சோறு சாப்பிடச் சொன்னது?”

அம்மாவுக்குச் சரியாகப் பேச்சு வரவில்லை. ஆனாலும் தலையணையில் சற்று நிமிர்ந்துகொண்டாள். பக்கத்துக் கட்டில்காரியும் கேட்கும்படி சொன்னாள்.

“என் பொண்ணோட ஆபீசு.”

அவள் முகத்தில் இருந்தது பெருமை. அதை என்னால் பார்க்க முடியவில்லை. வேறு பக்கம் திரும்பினேன். மேசை மேல் இருந்த அவள் கைப்பேசி அதிர்ந்தது. ‘மயக்கமாக இருக்கிறதா? சாப்பிட மறந்துவிட்டீர்களா?’

அதற்கடுத்த திங்கட்கிழமைதான் நான் தராசு கேட்டேன்.

மேலாளர் மூடிய பேனாவை மேசையில் வைத்தார்.

“தராசு எதுக்கும்மா?”

“ஒரு கரண்டி சோத்தை எடை போட.”

“அதான் போட்டிருக்கே. அஞ்சு கிராம்.”

“அது தப்பு சார்.”

“டிக் இருக்கே.”

“டிக்கை நாமதானே போட்டோம்.”

“அதனாலதான் சொல்றேன். தப்பா இருந்தா நாம போட்டிருப்போமா?”

“சார், எங்க அம்மா ஆஸ்பத்திரியில கிடக்கிறாங்க.”

மேலாளர் முகம் நிஜமாகவே வருத்தப்பட்டது. “பாத்தியா, நான் அன்னைக்கே சொன்னேன், பட்டினி போடாதேன்னு.”

எழுந்தேன். என்னென்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. வெட்டுவதானால் தேக்கரண்டியின் தலையை ஏன் வெட்டினீர்கள், இந்த மூன்றாவது மாடியில் வெட்ட வேண்டிய தலைகள் வேறு இருக்கின்றன என்று சொன்னதாகப் பொறு அக்கா பிறகு சொன்னாள். சொல்லியிருப்பேன். அன்றே என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோரும் காத்திருந்தோம். ஆனால் விஷயம் இயக்குநர் வரை போனது. அவர் எங்கள் யாரையும் போல அல்ல, பெரிய சிந்தனையாளர். கேட்டவுடன், “வாங்கிவிடலாம்” என்றார். வருகிற ஆண்டைத் துல்லிய ஆண்டாக அறிவிப்பதாக இருந்தார்களாம், வாசலில் வைக்கச் சரியான பொருள் ஒன்று கிடைக்காமல் இருந்ததாம்.

திறப்பு விழா அன்று காலை, வீடு திரும்பியிருந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்து நான் தலை சீவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தராசு யோசனை தந்ததற்காக, சிவப்பை மன்னித்து, விழாவிலேயே எனக்கு நிரந்தர ஆணை கிடைக்கப்போகிறது என்று அவளுக்கும் செய்தி வந்திருந்தது. அவள் கைப்பேசியை எடுத்து, ‘அளவோடு’வை நீக்கினேன். ‘உறுதியாகவா?’ என்று கேட்டது. உறுதியாகத்தான்.

“ஏய், என்னடி பண்றே? இன்னைக்குப் போய்.”

“இனிமே ஆபீஸ் சொல்றது கிடையாது. டாக்டர் சொல்றது மட்டும்தான். ரெண்டு கரண்டி.”

“அப்ப உன் வேலை?”

“அதை நான் பாத்துக்கறேன்.”

அம்மா கட்டிலை விட்டு எழுந்தாள். “சாப்பிட்டுட்டுப் போ” என்றாள். சாப்பிட்டேன். எவ்வளவு என்று எங்கும் பதியவில்லை. எங்கள் வீட்டுக் கரண்டியைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

வரவேற்பறையில் கேடயத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் தராசு. நல்ல தராசுதான், வெள்ளியாய் மின்னியது. எதிரே வாழைப்பழத் தட்டு, பூங்கொத்து, படம் பிடிப்பவர்கள். இயக்குநர் நாடாவை வெட்டிவிட்டுப் பேசினார்.

“நண்பர்களே, தராசு என்பது என்ன? சந்தேகம். எடை போடுகிறவன் யார்? நம்பாதவன். நாம் லட்சக்கணக்கான மக்களின் நம்பிக்கையின் மேல் நிற்கிறோம். நம் அளவுகளில் இதுவரை ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்கப்பட்டதில்லை. ஏனென்றால் நாம் தேடியதில்லை. தேடாத நிறுவனத்தில் எப்படிப் பிழை இருக்கும்? இன்று இந்தத் தராசை நாட்டுக்கு அர்ப்பணிக்கிறோம். இதை யாரும், எந்தக் காலத்திலும், எதற்காகவும் பயன்படுத்தமாட்டார்கள் என்று உங்களுக்கு உறுதி கூறுகிறேன்.”

கைத்தட்டல் ஓய்வதற்குள் முன்னால் போனேன்.

“ஒரே ஒரு கரண்டி சோறு மட்டும் வெச்சுப் பாக்கலாமா சார்?”

மேலாளர் என்னை இழுக்க வந்தார். ஆனால் படம் பிடிப்பவர்கள் நெருங்கி வந்துவிட்டதால் இயக்குநர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியாது. கண்ணாடியைத் திறந்தார்கள். என் மதியச் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கினேன். பையிலிருந்து கரண்டியை எடுத்து, ஒரு கரண்டி சோறு அள்ளி அதில் வைத்தேன்.

நூற்று நாற்பது.

இயக்குநர் எண்ணைப் பார்த்தார். கைப்பேசியில் செயலியைப் பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார். அவர் தலை வியர்த்தது.

“தராசு கெட்டுப்போயிருக்கிறது” என்றார்.

அத்தனை பேரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். தராசு விற்ற கம்பெனி மெக்கானிக் ஓரமாக நின்றிருந்தார். அவரைக் கூப்பிட்டார்கள்.

“சார், இது புதுசு. சரியாத்தான் இருக்கு.”

“டிக் இருக்கிறதா இதற்கு?”

“டிக்கா?”

“எங்கள் அளவுக்கு ஐந்து பேர் டிக் போட்டிருக்கிறார்கள். உங்கள் தராசை எத்தனை பேர் ஒப்புக்கொண்டார்கள்?”

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் ஒருத்திதான் என்று தெரிந்துகொண்டார். பாவம், அவருக்கும் வீடு வாசல் இருக்கும். பெட்டியைத் திறந்து திருப்புளியை எடுத்தார். எல்லோரும் சுற்றி நின்று பார்க்க, அதே கரண்டிச் சோறு ஐந்து கிராம் காட்டும் வரைக்கும் உள்ளே எதையோ திருகினார். ஐந்து வந்ததும் வரவேற்பறையே கைத்தட்டியது. முதல் வெற்றியின் உற்சாகத்தில் இயக்குநர் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அதில் வைத்தார். ஒரு முழு வாழைப்பழம், நான்கு கிராம். அவருடைய கைப்பேசி, ஏழு. பூங்கொத்து, பதினொன்று.

“பாருங்கள்,” என்றார், “எவ்வளவு லேசாக இருக்கிறோம்.”

ஆளுக்கு ஆள் தங்கள் கடிகாரத்தையும் கண்ணாடியையும் வைத்துப் பார்க்க வரிசையில் நின்றார்கள். பட்டினித் தடுப்பு அதிகாரி தன் கைப்பையை வைத்துப் பார்த்து, “ஐயோ, இது ரொம்ப மெலிஞ்சுபோச்சு” என்றார். மேலாளர் என் தோளருகே வந்தார். முகத்தில் கோபமே இல்லை, கருணைதான்.

“பாத்தியாம்மா? தராசு கேட்டே, வாங்கிக் குடுத்தோம். எடை போட்டே, அதுவும் நடந்துச்சு. உன் சந்தேகமும் தீர்ந்துச்சு. இந்தா.” நிரந்தர ஆணையை நீட்டினார். “அம்மாவை நல்லா சாப்பிடச் சொல்லு.”

அவர் கை நீட்டியபடியே இருந்தது. ஓரமாக எடுத்து வைத்திருந்த மூடியிலிருந்து சோற்றை நான் டப்பாவில் கொட்டி மூடினேன். கரண்டியைத் துடைத்துப் பையில் வைத்தேன். என் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி, தராசின் நடுவில் வைத்தேன். என் படம், என் பெயர், ‘சரிபார்ப்பாளர்’ என்ற என் பதவி, கயிற்றோடு சேர்த்து.

பூஜ்யம்.

திருத்தப்பட்ட பிறகு அந்தத் தராசு காட்டிய ஒரே சரியான எடை அதுதான். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இயக்குநர் அடுத்த பொருளை வைக்கச் சொன்னார்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு படியில் இறங்கினேன். பின்னால் பொறு அக்காவின் குரல் கேட்டது. என்ன சொன்னாள் என்று சொல்லத் தேவையில்லை. நான் பொறுக்கவில்லை.